ராமசாமி என்று பெயர் வைக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கோபிசெட்டிபாளையத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு எனக்குப் புரிகிறது. காலமான தம் அப்பாவின் பெயரைக் குழந்தைக்கு வைக்க வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. ராமசாமி என்பது தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர், பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போய்விடுவான் என்கிறார் உங்கள் மகள். யாருக்கும் இல்லாத பெயராகத் தேடி ஒரு பட்டியலே வைத்திருக்கிறாராம். நீங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு என்னைக் கேட்கிறீர்கள்.

ராமசாமி என்றே வையுங்கள். மாப்பிள்ளையின் ஆசைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் மகளின் பயத்துக்குச் சரியான பதில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களிடமே இருக்கிறது. அவர்களில் சிலரைப் பற்றிச் சொல்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

1947ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்காரன் போவதற்கு இன்னும் சில வாரங்கள். சென்னை மாகாணத்தின் பிரதமர், அதாவது இன்றைய கணக்கில் முதலமைச்சர், திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள ஓமந்தூரைச் சேர்ந்த விவசாயி ராமசாமி ரெட்டியார். மேற்கே திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். வடமேற்கே மைசூர் சமஸ்தானத்தின் திவான் சர் ஆற்காடு ராமசாமி முதலியார். தென்னாட்டின் மூன்று பெரிய நிலப்பரப்புகளை ஒரே நேரத்தில் மூன்று ராமசாமிகள் நிர்வாகம் செய்துகொண்டிருந்தார்கள். எந்தப் பதவியிலும் இல்லாமல், அந்த மூவரையும்விட அதிகமாக மக்கள் மனத்தை அசைத்துக்கொண்டிருந்த நாலாவது ராமசாமி உங்கள் பக்கத்து ஊரான ஈரோட்டுக்காரர், பெரியார்.

வரப்போகும் சுதந்திரத்தைப் பற்றி அந்த நால்வரும் நாலு விதமாக நினைத்தார்கள். ஓமந்தூரார் காங்கிரஸ்காரர், அவருக்கு அது வாழ்நாள் கனவு. பெரியாருக்கு அது வெள்ளையரிடமிருந்து பார்ப்பன, பனியா ஆதிக்கத்துக்கு அதிகாரம் கைமாறும் நாள். ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்று அறிவித்தார். அவர் கட்சியிலேயே இருந்த அண்ணா அதை ஏற்காமல் இன்ப நாள் என்று எழுதினார் என்பது வேறு கதை. சி.பி.யோ திருவிதாங்கூர் இந்தியாவோடு சேராது, தனி நாடாகவே இருக்கும் என்று ஜூன் மாதம் அறிவித்திருந்தார். ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ஓர் இசை விழாவில் கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் அவரை அரிவாளால் வெட்டினார். சி.பி. உயிர் பிழைத்தார். சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார், ஆகஸ்ட்டில் சி.பி. திவான் பதவியை விட்டு விலகினார். மைசூர் முதலியார் மோதல் எதுவும் இல்லாமல் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்க்கும் பக்கம் நின்றார். ஆனால் மக்களிடம் ஆட்சியைக் கொடுக்கத் தாமதித்ததால் அவருடைய நிர்வாகத்தை எதிர்த்து அந்த ஆண்டே அங்கே பெரும் கிளர்ச்சி எழுந்தது.

ஒரே பெயர், ஒரே மாதம், ஒரே கேள்வி. இவர்களில் யார் யாருக்குள் காணாமல் போனார்கள், சொல்லுங்கள்?

இந்த நால்வரில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஓமந்தூரார். அவர் ஆட்சி இரண்டே ஆண்டுகள்: 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை. அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததைப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் கடைசியிலிருந்து போராடிவந்த தேவதாசி ஒழிப்பு 1947இல் சட்டமானது. அதே ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1948இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம். அரசு வேலைகளில் பதினான்கு இடங்களை எந்தெந்தப் பிரிவினருக்கு எப்படிப் பகிர்வது என்ற வகுப்புவாரி ஆணையைத் திருத்தி, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு முதன்முதலாகத் தனியே இரண்டு இடங்களை ஒதுக்கியதும் அவர் அரசுதான். இத்தனைக்கும் அவர் ஆழ்ந்த பக்திமான். ரமண மகரிஷியிடமும் வள்ளலாரிடமும் ஈடுபாடு கொண்டவர். பதவியை விட்டபின் வடலூருக்குப் போய்ச் சன்மார்க்கப் பணியிலும் கல்விப் பணியிலும் காலத்தைக் கழித்தார்.

அந்த ஆணைகளால் கோபம் கொண்டவர்கள் அவரை என்ன சொல்லி ஏசினார்கள் தெரியுமா? தாடியில்லாத ராமசாமி நாயக்கர் என்றார்கள். பெயர் ஒன்றாக இருந்ததால் எளிதாக நாவில் வந்துவிட்ட வசை அது. திருநீறு பூசிய ஒருவரை, கடவுள் மறுப்பாளரின் இன்னொரு உருவம் என்று சொல்வதற்கு அந்தப் பொதுப்பெயர் உதவியது. வேலைவாய்ப்பில் நியாயம் வேண்டும் என்ற ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதும் உண்மைதான்.

ஆனால் அடுத்த ஆண்டு நடந்தது என்ன? 1948இல் பெரியாரின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது ஓமந்தூரார் அரசு. பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியதை எதிர்த்துப் பெரியார் போராட்டம் தொடங்கினார். கவர்னர் ஜெனரலாகியிருந்த ராஜாஜி சென்னை வந்தபோது கறுப்புக் கொடி காட்டத் திட்டமிட்டதற்காகப் பெரியாரைக் கைது செய்ததும் அதே அரசுதான். தாடியில்லாத ராமசாமியின் போலீஸ் தாடிக்கார ராமசாமியைச் சிறைக்கு அனுப்பியது. ஏசியவர்களின் கணக்கு ஒரே ஆண்டில் பொய்த்துவிட்டது. இரண்டு பேரும் தத்தம் வழியில் தெளிவாக இருந்தார்கள்.

ராமசாமிகளைப் பாரதியின் பக்கத்திலும் பார்க்கலாம். 1947 தொடக்கத்தில் ஏ.வி.எம்.மின் ‘நாம் இருவர்’ படம் வந்தது. அதில் பாரதி பாடல்களை டி.கே. பட்டம்மாள் பாடியிருந்தார், நாடே அவற்றைப் பாடியது. அந்தப் படத்தில் கிழவர் வேடத்தில் வந்து பேர்வாங்கியவர் அப்போது இருபதைச் சற்றே தாண்டிய ஓர் இளைஞர்: விருதுநகர் வி.கே. ராமசாமி. அடுத்த ஐம்பது ஆண்டுகள் அவர் நமக்கு அப்பாவாகவும் மாமனாராகவும் மிராசுதாராகவும் திரையில் வந்துகொண்டிருந்தார். பாரதி பாடல்களைப் பதிவு செய்யும் உரிமை அந்த நாளில் தனியாரிடம் இருந்தது. பாரதி ஒரு நிறுவனத்தின் சொத்தாக இருக்கலாமா என்று எழுத்தாளர்கள் குரல் எழுப்பினார்கள். அவற்றை மக்கள் சொத்தாக்கும் முடிவை எடுத்தவர் ஓமந்தூர் ராமசாமி. 1949இல் உரிமை அரசின் கைக்கு வந்தது. பாரதி மகாகவிதான் என்று ஊரறிய வாதாடி, ‘மகாகவி பாரதியார்’ என்று வாழ்க்கை வரலாறே எழுதியவர் திங்களூர் வ. ராமசாமி ஐயங்கார், நாம் வ.ரா. என்று அறிந்தவர்.

இந்த வ.ரா.வை உங்கள் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. வ.ரா. பிறந்தது அதே செப்டம்பர் 17, சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1889இல். ஒருவர் ஈரோட்டு வணிகக் குடும்பத்தில், மற்றவர் தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கிரகாரத்தில். பெயரும் பிறந்தநாளும் ஒன்று. வ.ரா. பூணூலைக் கழற்றி எறிந்தார், சாதியையும் பெண்ணடிமையையும் எதிர்த்து எழுதினார், ‘மணிக்கொடி’யைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார், கொழும்பில் ‘வீரகேசரி’க்கு ஆசிரியராகவும் பணியாற்றினார். அக்கிரகாரத்து அதிசய மனிதர் என்று அண்ணா அவரைப் புகழ்ந்தார். ஆனாலும் அவர் பெரியாரின் நிழல் அல்ல. காந்தியை விடாதவர், சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர், தமிழ் உரைநடைக்குப் பேச்சின் வேகத்தைக் கொடுத்தவர். அவர் எழுத்தை ஒரு பக்கம் படித்தாலே இன்னார் என்று தெரிந்துவிடும்.

பெரியாரும் சி.பி.யும்கூட 1879இல்தான் பிறந்தார்கள், இரண்டு மாத இடைவெளியில். இவர்கள் இருவரையும் திருவிதாங்கூர் மண் இணைத்த விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். 1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் நடந்தது. தலைவர்கள் கைதாகிப் போராட்டம் தளர்ந்தபோது ஈரோட்டிலிருந்து புறப்பட்டுப் போனார் ராமசாமி. அந்தச் சமஸ்தானத்தின் சிறைகளில் இரண்டு முறை அடைபட்டார். அவர் மனைவி நாகம்மையாரும் அங்கே போராடினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1936 நவம்பர் 12ஆம் தேதி, அதே சமஸ்தானத்தில் அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. பிரகடனத்தை வெளியிட்டவர் மகாராஜா சித்திரைத் திருநாள். அப்போது திவான் இன்னொரு ராமசாமி. தெருவில் நடக்க ஒரு ராமசாமி சிறை போனார். கோயில் கதவு திறந்தபோது ஒரு ராமசாமி ஆட்சியில் இருந்தார். முன்னவர் போன்றவர்களின் சிறைவாசம் இல்லையென்றால் பின்னவருக்கு அந்த வாய்ப்பே வந்திருக்காது என்பது என் கருத்து.

சி.பி. பெரிய மேதை, பெரிய நிர்வாகி. மேட்டூர், பைக்காரா திட்டங்களில் அவருக்குப் பங்குண்டு. திருவிதாங்கூரில் ஒரு பல்கலைக்கழகத்தை உருவாக்கினார். பின்னாளில் அண்ணாமலையிலும் காசியிலும் துணைவேந்தராக இருந்தார். ஆனால் 1946இல் புன்னப்புரா, வயலார் பகுதிகளில் தொழிலாளர்கள்மீது அவர் ஆட்சி நடத்திய துப்பாக்கிச் சூட்டை மறந்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வராது. அந்தத் திவான் ஆட்சியில் சிறுவனாக வளர்ந்தவர்தான் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. 1930களின் கடைசிக் கோட்டயத்தை அவர் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் ஒரு குடும்பத்தின் வழியாக எழுதினார். ‘ஒரு புளியமரத்தின் கதை’யையும் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலையும் படித்தவர்கள் அவரை வேறு எந்த ராமசாமியோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கவிதைக்குப் பசுவய்யா என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். ஆனால் கதைக்கும் நாவலுக்கும் தம் சொந்தப் பெயரையே வைத்திருந்தார்.

நம் காலத்துச் சோவும் ராமசாமிதான். 1971இல் பெரியார் தலைமையில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தைப் பற்றி அவருடைய ‘துக்ளக்’ வெளியிட்டதும், இதழ்கள் பறிமுதல் செய்யப்பட்டதும், அதனால் அந்தப் பத்திரிகையின் பெயர் மூலைமுடுக்கெல்லாம் பரவியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

உங்கள் மகள் இங்கே ஒரு கேள்வி கேட்கக்கூடும்: அந்தக் காலத்தில் ரெட்டியார், ஐயர், முதலியார், நாயக்கர் என்று பின்னால் ஒன்று இருந்தது, அதனால் பிரித்து அறிந்தார்கள், இப்போது அது இல்லையே? சாதிப் பெயர் உண்மையிலேயே அந்த வேலையைச் செய்ததா என்று பார்ப்போம். ராமசாமி முதலியார் என்று மட்டும் சொன்னால் சர் பட்டம் பெற்ற இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஒருவர் மைசூர்த் திவானாக இருந்த ஆற்காட்டார், ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு 1946இல் முதல் தலைவராக இருந்தவர். இவருக்கு ஓர் இரட்டையர் உண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த டாக்டர் லட்சுமணசாமி முதலியார். இன்னொருவர் சவலை ராமசாமி முதலியார். சென்னை சென்ட்ரலுக்கு எதிரே சத்திரம் கட்டியவர்.

மூன்றாவதாக ஒரு ராமசாமி முதலியார் உண்டு. அவரைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. அவர் சேலம் ராமசாமி முதலியார். கும்பகோணத்தில் முன்சீப்பாக வந்திருந்தார். அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே. சாமிநாதையர் 1880 அக்டோபரில் அவரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முன்சீப். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று தாம் பாடம் கேட்ட நூல்களையெல்லாம் அடுக்கினார். எந்தப் பெயரைக் கேட்டும் அவர் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றுதான் கேட்டார். ஐயருக்கு அது புதிய கேள்வி. அதன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கத் தூண்டியதும் அவரே. 1887இல் சிந்தாமணி அச்சானது. அதன் பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று உ.வே.சா.வின் உழைப்பு விரிந்தது நாடறிந்தது. அந்த முன்சீப் 1892இல் காலமாகிவிட்டார். அவருக்குப் பெரிய சிலைகள் இல்லை. உ.வே.சா. தம் வரலாற்றில் அந்தச் சந்திப்பை நன்றியோடு எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. இந்த மூவருக்கும் பெயர் ஒன்று, சாதிப் பெயரும் ஒன்று. பிரித்துக் காட்டியது சேலமும் சவலையும் ஆற்காடும்தான்.

தம் பெயருக்குப் பின்னால் இருந்த நாயக்கரை முதலில் வெட்டியவர் ஈரோட்டு ராமசாமி. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டுப் பள்ளி வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது சாதி காதில் விழாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ராமசாமி என்ற பெயர் ரெட்டியாருக்கும் ஐயருக்கும் ஐயங்காருக்கும் முதலியாருக்கும் நாயக்கருக்கும் பொதுவாக இருந்தது. தறிக்காரர் வீட்டிலும் விவசாயக் கூலி வீட்டிலும் இருந்தது. இப்படி எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்காரக்கூடிய பெயர் எத்தனை இருக்கிறது? மகளின் பட்டியலில் இருக்கும் பெயர்கள் அழகாக இருக்கலாம். ஆனால் அவற்றுக்குள் இத்தனை வீடுகள் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். நான் சொன்னவர்களில் பெரும்பாலானவர்களை நாம் ராமசாமி என்று கூப்பிடுவதில்லை. 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டில் கொடுத்த பட்டம் ஒருவருக்குப் பெயராகிவிட்டது. இன்னொருவருக்கு அவர் பிறந்த கிராமம் பெயராகி, சென்னையில் ஓமந்தூரார் தோட்டமாகவும் அரசு மருத்துவமனையாகவும் இருக்கிறது. சி.பி., வ.ரா., சு.ரா., வி.கே.ஆர். என்று எழுத்துகளே சிலருக்குப் பெயராயின. ஒரு நாடகப் பாத்திரத்தின் ஓரெழுத்துப் பெயர் சோவுக்கு நிலைத்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் பதிவேட்டில் இருந்தது. ஊர் கூப்பிடும் பெயரை அவரவர் வாழ்க்கை சம்பாதித்தது. உங்கள் பேரனுக்கும் அந்த வேலையை விட்டுவைப்போம்.

வீட்டில் கூப்பிடுவது பற்றியும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற பழக்கம் உங்கள் பக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா பெயர் வைத்த பிள்ளைகளை அதனால்தான் சாமி, ராசு, கண்ணு என்று அம்மாக்கள் கூப்பிட்டார்கள். உங்கள் மகளுக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். பெயரைச் சொல்லியே கூப்பிடட்டும். அந்தப் பட்டியலிலிருந்து பிடித்த ஒன்றை வீட்டுப் பெயராக வைத்துக்கொள்ளவும் யாரும் தடை சொல்லப்போவதில்லை.

முன்னெழுத்தில் மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஈ.வெ. என்பதில் ஈரோடும் அப்பா வெங்கடரும் இருக்கிறார்கள். வி.கே.ராமசாமியின் முதலெழுத்தில் விருதுநகர் இருக்கிறது. வ.ரா.வின் வகரத்தில் அப்பா வரதராஜர் இருக்கிறார். அம்மா மட்டும் எந்த எழுத்திலும் இல்லை. உங்கள் பேரனுக்கு அம்மாவின் எழுத்தும் அப்பாவின் எழுத்தும் சேர்ந்தே இருக்கட்டும். இதைச் சொன்னால் மகளின் மனமும் இளகும் என்று நினைக்கிறேன்.

அவசரமும் வேண்டாம். குழந்தையின் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்குள் ராமசாமியா, இராமசாமியா, ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டல் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பள்ளியில் சேர்க்கும்போதும் பின்னாளில் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அலைய வேண்டியிருக்காது. என்ன முடிவானது என்று ஒரு வரி எழுதுங்கள். குழந்தையின் முழுப் பெயரையும் முன்னெழுத்துகளோடு தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்